மூன்று அடுப்பு, ஒரு வைஃபை

ஜூன் 12, வியாழன்

இன்றும் அழித்தாயிற்று. ஹிஸ்டரி, குக்கீ, இன்னும் அதில் என்னென்ன கட்டம் இருக்கிறதோ அத்தனையிலும் டிக் போட்டு அழித்தேன். பிறகுதான் உலை வைத்தேன்.

தேடியது இவ்வளவுதான்: காது மிஷின் விலை காரைக்குடி. முப்பத்தெட்டு வயதில் காது மிஷின்!

இன்று நாலாம் வகுப்பில் கடைசி பெஞ்சு அபி எழுந்து நின்று ஏதோ கேட்டாள். வாய் அசைந்தது. எனக்கு ஃபேன் சத்தம்தான் கேட்டது. "வெரி குட், உட்காரு" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை ஒரு மாதிரி விழித்துவிட்டு உட்கார்ந்தது. மணி அடிக்கிறவரை நெளிந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது — பாத்ரூம் போகக் கேட்டிருக்கிறாள். அதற்குப் போய் வெரி குட்! தேனம்மை, நீ உருப்படுவியா?

ஜூன் 13, வெள்ளி

மறுபடியும் தேடினேன். மறுபடியும் அழித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

அழித்தது அழியவில்லை.

நெற்குப்பை கல்யாணத்துக்கு எந்த பஸ் என்று பார்க்கப் போனேன். நேரப்பட்டியலுக்கு நடுவில் ஒரு நரைத்த மனுஷன் காதில் கையை வைத்துச் சிரிக்கிறான். 'இனி எதையும் தவறவிடாதீர்கள்.' மூடினேன். மழை வருமா என்று பார்த்தேன். அங்கேயும் அவனே. இன்காக்னிட்டோ என்று ஒன்று இருக்கிறதே, அதில் போனேன். அங்கே அவன் பெண்டாட்டியோடு வந்து சிரிக்கிறான்.

எப்படி? நான்தான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டேனே. பெயர் கொடுத்து எதற்குள்ளும் போகவில்லையே.

எனக்கு இவ்வளவு பயம் எதற்கு என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன். என்னைப் பெற்ற ஆத்தாவுக்கு நாற்பதில் காது போயிற்று. ஒரு கல்யாண வீட்டில், "அந்தச் செவிட்டு ஆச்சியை முன்னாடி உக்கார வைங்க" என்று யாரோ சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆத்தா அதோடு கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கோவிலுக்குப் போவதை. பிறகு வாசலுக்கு வருவதையும். யாராவது பேசினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலை இப்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

எனக்கு அது வேண்டாம். மிஷினும் வேண்டும், அது யாருக்கும் தெரியவும் கூடாது. இரண்டும் வேண்டும் என்றால் முடியாதா?

ஜூன் 19, வியாழன்

பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் சுமையாவிடம் கேட்டேன். எனக்கு என்று கேட்பேனா! "எங்க சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி, என்னத்தையோ தேடிட்டு தினம் அழிக்கிறா. ஆனாலும் விளம்பரம் பின்னாடியே வருதாம்" என்றேன்.

சுமையா டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், எங்க வீட்டு விசேஷத்துக்கு நாங்க பத்துப் பேரு ஒரே மாதிரி கறுப்புப் பர்தாவுல வருவோம். எங்கம்மா தெரு முக்குல பார்த்தே, இது சுமையா, அது அவ நாத்தனான்னு சொல்லிரும். எப்படி? நடைதான்! குக்கீயை அழிக்கிறது பேரெழுதின சீட்டைக் கிழிக்கிற மாதிரி. நடை அப்படியேதான இருக்கும்?"

போனுக்கு என்ன நடை என்றேன். என்ன மாடல், திரை எவ்வளவு அகலம், என்ன மொழி, என்ன எழுத்து, எந்த நேரத்தில் எந்த ஊரிலிருந்து வருகிறது — இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆள் யாரென்று பிடிபட்டுவிடுமாம். போதாக்குறைக்கு இன்னொரு களவாணித்தனமும் உண்டாம். ஒரே அடையாளத்தை நாலு இடத்தில் ஒளித்து வைப்பார்களாம். நாம் ஓரிடத்தில் அழித்தால், மற்ற இடத்தில் இருப்பதைப் பார்த்து மறுபடி எழுதிக்கொள்ளுமாம்.

பிறகு என் போனை வாங்கிப் புரட்டினாள். "இந்த எழுத்தை எங்க புடிச்சீக?"

குண்டு குண்டாகத் தமிழெழுத்து வேண்டும் என்று நான் எங்கேயோ தேடி இறக்கியது. கூடவே விளம்பரம் தடுக்க மூன்று, வேவு பார்ப்பதைத் தடுக்க ஒன்று என்று வகைவகையாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

"இந்த மாதிரி ஒரு போன் சிவகங்கை மாவட்டத்துலேயே இது ஒண்ணாத்தான் இருக்கும். ஒளிய ஒளியத் தனியாத் தெரியிறீக, டீச்சர்!"

"நான் இல்லை, சொந்தக்காரப் பொண்ணு."

"ஆமா, ஆமா. சொந்தக்காரப் பொண்ணு." ஊறுகாயை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சிரித்தாள்.

ஜூன் 20, வெள்ளி

குண்டு எழுத்தை எடுத்துவிட்டேன். இப்போது போனில் எழுத்தெல்லாம் கட்டெறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. மத்தியானமே நரைத்த மனுஷன் வந்துவிட்டான்.

ஜூன் 25, புதன்

கெட்டது குடி.

சாயங்காலம் அத்தை, அதாவது என் மாமியார், தன் அடுக்களையிலிருந்து போட்ட சத்தம் எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். "யாரு? எனக்குக் காது கேக்கலைன்னு எவன் சொன்னது?"

ஓடிப்போய்ப் பார்த்தால், மாமியார் கையிலிருக்கும் போனில் அதே நரைத்த மனுஷன். சாமி பாட்டுக்கு முன்னால் வந்து நின்று, 'பேரப்பிள்ளைகளின் குரலைக் கேளுங்கள்' என்கிறான். தேடினது என் போன். அது இவர்கள் போனுக்கு எப்படிப் போயிற்று?

எங்கள் வீட்டில் கல்யாணமானதும் மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்று, நடு முற்றமான வளவு ஒன்று, அடுப்பு தனி. அத்தைக்கு ஒன்று, எனக்கு ஒன்று, சின்னவர் பெண்டாட்டி அகல்யாவுக்கு ஒன்று. ஒரு அடுப்பில் என்ன வேகிறதென்று இன்னொரு அடுப்பு கேட்கக் கூடாது. இத்தனை பேர் சண்டையில்லாமல் ஒரு வீட்டில் இருப்பதே அதனால்தான் என்று அத்தைக்கு ஒரே பெருமை.

ஆனால் சின்னவர் கார்த்திகேயன் சிங்கப்பூர் போவதற்கு முன்னால் வைஃபை போட்டபோது, "கரண்டு ஒண்ணு, தண்ணி ஒண்ணு. இதுவும் ஒண்ணாவே இருந்துட்டுப் போகட்டும்" என்று சொன்னதும் இதே அத்தைதான். வளவுத் தூணில் பச்சை விளக்கோடு கண் சிமிட்டிக்கொண்டு இருக்கிறது அந்தப் பெட்டி. அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

அதுவேதான். "ஒரே வைஃபையில இருக்குற போனெல்லாம் அவுகளுக்கு ஒரே குடும்பம், டீச்சர்" என்றாள் சுமையா. "ஒரே அடுப்புன்னு நெனைச்சுக்குவாக."

ஜூன் 29, ஞாயிறு

நெற்குப்பைக் கல்யாணம். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடு இன்று ஜேஜே என்று இருந்தது. மேளம், மைக், பந்தியில் வாளிச் சத்தம். எனக்கு எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல்.

இவருடைய சித்தி மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நான் வழக்கம்போலச் சிரித்தேன். "நல்லது, நல்லது, சந்தோஷம்" என்றேன். அவள் கையை உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வரும்போது காரில்தான் இவர் சொன்னார். அவள் வீட்டுக்காரருக்கு மதுரையில் ஆபரேஷன், கட்டி என்று சொல்லியிருக்கிறார்களாம்.

அதற்கா சிரித்தேன்? சந்தோஷம் என்றா சொன்னேன்? பாவி. பாவி. வீட்டுக்கு வந்து முகம் கழுவுகிற சாக்கில் குழாயடியில் நின்று அழுதேன்.

ஜூலை 2, புதன்

வீட்டில் புகைச்சல் ஆரம்பித்துவிட்டது. டிவியிலும் அந்த விளம்பரம் வருகிறது. போன வாரம் அகல்யா, "டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க அத்தை, ஆபீஸ் மீட்டிங்கு" என்று சொன்னாளாம். அவள் சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். அத்தை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

"என்னையச் செவிடின்னு நேராச் சொல்ல வாய் வரலை. அதான் போனுக்குள்ள எதையோ பண்ணி வச்சுருக்கா. படிச்ச திமிரு!"

அடுப்பு தனி என்றாலும் எங்கள் வீட்டில் குழம்புக் கிண்ணம் மூன்று பக்கமும் போய் வரும். இன்று அத்தையின் கிண்ணம் எனக்கு மட்டும் வந்தது. மொச்சைக் குழம்பு. அகல்யாவுக்கு உயிர் அது.

தொடாமல் மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

சொல்லிவிடு. சொல்லாதே. பள்ளியில் தெரிந்தால் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு ரெக்கார்டு ரூமில் உட்கார வைத்துவிட்டால்? சொல்லாதே. அகல்யா கண் சிவந்து போய் இருக்கிறாள். சொல்லிவிடு.

ஜூலை 5, சனி

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது.

காலையில் வளவில் அத்தை வத்தல் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். அகல்யா தன் அடுக்களை வாசலில் நின்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. நான் போய், மெதுவாக, "அத்தை, அந்த விளம்பரம் எனக்கு வந்தது" என்றேன்.

"என்னது?"

"எனக்கு வந்ததுன்னேன்."

"என்னத்தா? சத்தமாச் சொல்லு!"

அத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. "எனக்குத்தான் காது கேக்கலை! அகல்யா ஒண்ணும் பண்ணலை! நான்தான் மிஷின் தேடினேன்!" என்று கத்தினேன். புறாக்கள் பறந்தன. இவர் பாதி ஷேவிங்கோடு வெளியே வந்தார். இன்காக்னிட்டோவில் ஒளித்ததை வளவு நடுவில் நின்று ஊருக்கே ஒலிபரப்பிவிட்டேன்.

அத்தை வத்தலைப் பரப்பிக்கொண்டே, "அது தெரிஞ்ச சேதிதான? அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துற?" என்றார்கள்.

தெரியுமா!

அகல்யா கிட்டே வந்தாள். இடப்பக்கமாக. "அக்கா, உங்க குக்கர் பாட்டுக்கு விசிலடிச்சுக்கிட்டே இருக்கும். நான்தான் வந்து அணைச்சுட்டுப் போவேன். அடுத்த அடுப்புல கை வச்சா அத்தை வைவாகன்னு சொல்லலை." நான் இத்தனை நாளும் கேஸ் தானாக அணைகிறது என்று நினைத்து, கம்பெனிக்குப் போன் போட்டு இரண்டு தடவை சண்டை பிடித்திருக்கிறேன்!

இவர் நுரையைத் துடைத்தபடி, "பின்னாடியிருந்து கூப்பிட்டா நீ திரும்புறதில்ல, தேனு. அதான் தோளைத் தொட்டுட்டுப் பேசுறேன்" என்றார். அதைப் பிரியம் என்று நினைத்திருந்தேன். பிரியம்தான், வேறென்ன.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாருக்கும் தெரியும். ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டீகளா?"

அத்தை அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்கள். "எப்படித்தா கேக்குறது? ஒன் அடுப்புச் சேதி. நீயா சொல்லாம நாங்க வாய் தொறக்கலாமா?"

பிறகு அத்தையே, "எங்க வழக்கம் அப்படி. அதைப் புடிச்சுக்கிட்டு இருந்துட்டேன். ஒங்க ஆத்தாளையும் அப்படித்தான் ஆருமே கேக்காம விட்டாக" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்கள். முந்தானை முழுக்க மிளகாய் நெடி. அதனால் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

மத்தியானம் அகல்யாவுக்குக் கிண்ணம் போயிற்று. மொச்சை இல்லை, சுண்டைக்காய். இருந்தாலும் போயிற்று.

ஜூலை 6, ஞாயிறு

யோசித்துப் பார்க்கிறேன். என் நடையை வைத்து இவர்களும் கண்டுபிடித்தார்கள், அந்த விளம்பரக்காரனும் கண்டுபிடித்தான். இரண்டும் ஒன்றா? இல்லவே இல்லை. இவர்களுக்குத் தெரிந்தது என்னோடு வாழ்ந்ததால். அவனுக்குத் தெரிந்தது என்னிடம் விற்பதற்காக. இவர்கள் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு குக்கரை அணைத்தார்கள். அவன் என்னைக் கேட்காமலே மாமியார் போனில் போய்த் தண்டோரா போட்டான். அவனால்தான் நல்லது நடந்தது என்று நாளைக்கு யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொன்னது நான். என் வாயால்.

அகல்யா மூன்று போனையும் வாங்கி வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்தாள். விளம்பர அடையாளம் என்று ஒன்று இருக்கிறதாம், அதை நீக்கினாள். என் வகைவகையான தடுப்பான்களைத் தூக்கிவிட்டு, உருப்படியாக ஒன்றை மட்டும் போட்டாள். "முழுசா ஒளிய முடியாதுக்கா. ஆனா சும்மா அள்ளிட்டுப் போக விடமாட்டோம்" என்றாள். குண்டு எழுத்து வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். என் கண்ணுக்கு அதுதான் வசதி.

ஜூலை 12, சனி

காரைக்குடியில் காது டாக்டர். இவர் வந்தார். கூப்பிடாமலே அத்தையும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்கள்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. வெளியே சோதனை செய்கிற பெண் எதையோ திருகிக்கொண்டே இருந்தது தெரிந்தது. அந்த அமைதிதான் பயமாக இருந்தது. வலது காது மோசம், இடது பரவாயில்லை. மிஷின் போட்டால் நன்றாகக் கேட்கும், முன்னமே வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அடுத்து அத்தை, "சும்மா பாப்போமே" என்று உள்ளே போனார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் குறைவுதானாம். வெளியே வந்து, "இந்த டாக்டருக்கு ஒண்ணும் வெளங்கலை" என்றார்கள்.

ஜூலை 14, திங்கள்

தலைமையாசிரியையிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மிஷின் வரட்டும், டீச்சர். ஒருநாள் உங்க வகுப்புல பின்னாடி வந்து உக்காந்து பாக்குறேன். அப்புறம் முடிவு பண்ணுவோம்" என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கடைசி பெஞ்சுப் பிள்ளைகளை இப்போதைக்கு முன் பெஞ்சுக்கு மாற்றட்டுமா என்று வகுப்பில் கேட்டேன். அபி எழுந்து என் மேசைக்கே வந்தாள். இடப்பக்கம் நின்று, "நாங்க இப்பல்லாம் இங்குட்டு வந்துதான டீச்சர் பேசுறோம். இங்குட்டுத்தான் ஒங்களுக்குக் கேக்கும்" என்றாள்.

நாலாம் வகுப்புக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 26, சனி

மிஷின் வந்துவிட்டது. அவரைக்கொட்டை அளவுதான் இருக்கிறது.

இந்த வீடு இவ்வளவு சத்தமா! செருப்பு சத்தம், காகிதம் சத்தம், புடவை கூடச் சத்தம். கரண்டியைப் போட்டால் மண்டைக்குள் விழுகிறது. வளவில் இப்போதெல்லாம் புறாக்கள் குனுகுவதே இல்லை என்று நினைத்திருந்தேன். குனுகிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன.

திருச்சி ஹாஸ்டலில் இருக்கிற மகள் சாயங்காலம் கூப்பிட்டாள், வழக்கம்போல வீடியோவில். உதட்டைப் பார்த்தால்தான் எனக்குப் புரியும் என்று நான் செய்த பழக்கம். "வீடியோவை அணைச்சுட்டுப் பேசுடி" என்றேன். ஏன்மா என்றாள். அவள் குரல் லேசாகக் கரகரப்பாக இருக்கிறது. எப்போதிலிருந்து?

ஜூலை 31, வியாழன்

சித்தி மகளுக்குப் போன் செய்தேன். அன்று ஏன் சிரித்தேன் என்று சொன்னேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்களாம், கட்டி கெட்டது இல்லையாம். "சந்தோஷம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நரைத்த மனுஷன் இப்போது எப்போதாவதுதான் வருகிறான். வாங்கியாச்சுடா, போ.

அத்தை இன்று என் அடுக்களைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, அந்த மிஷினில் ஆகக் குறைந்த விலை எவ்வளவு என்று கேட்டார்கள். "எனக்கில்ல. தெரிஞ்ச ஆச்சி ஒருத்திக்கு" என்றார்கள்.

ஆமா, ஆமா என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தலைமையாசிரியை இன்று வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் கடைசி பெஞ்சில், அபிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைமுடிக்குள் மறைத்திருந்த மிஷின் காதை, என்ன தோன்றியதோ, முடியை ஒதுக்கி வெளியே விட்டேன்.

கரும்பலகையில் வகுத்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னாலிருந்து சின்னக் குரல். "டீச்சர், பாத்ரூம் போகணும்."

திரும்பாமலே, "போய்ட்டு ஓடி வா, அபி" என்றேன்.

அப்புறம் எங்கிருந்தோ ஒரு கிசுகிசுப்பு: "டேய், டீச்சருக்குக் கேக்குதுடா. இனிமே பேச முடியாது." அவனை எழுப்பி அடுத்த கணக்கைப் போடச் சொன்னேன்.

மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கடைசி பெஞ்சு நகர்ந்தது. தலைமையாசிரியை எழுந்து போனார். வாசல் தாண்டும்போது, என்னைத் திரும்பிப் பார்க்காமல், வராந்தாவைப் பார்த்தபடி, சாதாரணக் குரலில் ஏதோ சொன்னார்.

"இந்த வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும், டீச்சர்" என்றார். ஒரு எழுத்து விடாமல் கேட்டது.